குழாய்க்குள் எந்தச் செல் போகிறது? விரைப் புற்றுநோய் ஆய்வில் கட்டிச் செல்களைப் பிரித்தெடுத்தல்

விரையில் தோன்றும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் வகைகளுள் ஒன்று செமினோமா. அந்தக் கட்டியிலிருந்து ஒரு சீவலை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிய பெரிய செல்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். தெளிந்த சைட்டோபிளாசம், நடுவே பருத்த உட்கரு, அதற்குள் துலக்கமான உட்கருமணி. இவைதாம் புற்றுச் செல்கள். திட்டுகளுக்கு இடையே மெல்லிய நார்த்திசுப் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகளில் கருநீலப் பொட்டுகளாக லிம்போசைட்டுகள் மொய்த்திருக்கும். அவை நோயாளியின் சொந்த எதிர்ப்புச் செல்கள். புற்றோடு பிறந்தவை அல்ல. இவை போக ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்கள், மேக்ரோஃபேஜ்கள், நார்ச்செல்கள், நசுங்கிப்போன பழைய விந்து நுண்குழல்கள். சில செமினோமாக்களில் புற்றுச் செல்களை விட லிம்போசைட்டுகளே அதிகமாக இருக்கும்.

இந்தத் துண்டை அப்படியே அரைத்து டிஎன்ஏவைப் பிரித்தால் கிடைப்பது யாருடைய டிஎன்ஏ? இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். மூலக்கூறு ஆய்வு என்றதும் டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விலையுயர்ந்த கருவிகளும் கணினி நிரல்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் முடிவு சரியாக வருமா தவறாக வருமா என்பது பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, குழாய்க்குள் எந்தச் செல்லைப் போடுகிறோம் என்ற இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கூட்டத்தின் இரைச்சலை ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்து, அதில் ஒருவருடைய பேச்சைத் தேடுவது போன்ற வேலை அது. பதிவுக் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த ஒருவர் அருகில் ஒலிவாங்கியைக் கொண்டுபோகாமல் பயனில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு செல்கள் உள்ள ஒரு மாதிரி. அதில் நாற்பது மட்டுமே புற்றுச் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செல்லிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு நகல்கள். புற்றுச் செல்களில் அந்த இரண்டில் ஒன்று திடீர்மாற்றம் அடைந்திருக்கிறது. மொத்த நகல்கள் 200, மாறியவை 40. அதாவது 20 சதவீதம். புற்றுச் செல்கள் மட்டுமே இருந்திருந்தால் இது 50 சதவீதமாக இருந்திருக்கும். புற்றுச் செல்களின் பங்கு இருபதாகக் குறைந்தால் மாறிய நகல் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விரைப் புற்றுச் செல்களில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக மட்டும் இருப்பதில்லை. பல இடங்களில் மூன்று, நான்கு நகல்கள் இருக்கும். நாற்பது புற்றுச் செல்களிலும் மும்மூன்று நகல்கள் இருந்து அவற்றில் ஒன்றே மாறியிருந்தால், 240க்கு 40. ஏறத்தாழ 17 சதவீதம்.

மற்ற சில புற்றுநோய்களில் இந்தச் சரிவு அவ்வளவு உறுத்தாது. நுரையீரல் புற்று, தோலின் மெலனோமா போன்றவற்றில் திடீர்மாற்றங்கள் மலிந்து கிடக்கின்றன. சில தவறிப்போனாலும் படம் கலைந்துவிடாது. விரைப் புற்றில் நிலைமை நேரெதிர். மில்லியன் டிஎன்ஏ எழுத்துகளுக்கு ஒரு மாற்றம்கூடத் தேறாது. புற்றுநோய் மரபணுத் தொகுப்பு வரைபடத் திட்டம் 2018இல் 137 விரைக் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, திரும்பத் திரும்பத் திடீர்மாற்றம் காணும் மரபணுக்கள் என்று குறிப்பிட முடிந்தவை கிட், கேராஸ், என்ராஸ் என மிகச் சிலவே, அவையும் செமினோமாவில்தான். தேடுகிற பொருளே அரிதாக இருக்கும்போது அதை நீர்த்துப்போக விடுவது பெரிய இழப்பு.

மரபணுக்களின் இயக்கத்தைக் காட்டும் ஆர்என்ஏவை ஆராயும்போது இந்தக் கலப்பு இன்னும் தந்திரமாக ஏமாற்றும். டிஎன்ஏவில் கலப்பு ஒரு குறியைக் குறைத்துக் காட்டும்; ஆர்என்ஏவிலோ இல்லாத குறியையே கொண்டுவந்து வைக்கும். செமினோமாவை முழுதாக அரைத்து எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று பார்த்தால் எதிர்ப்பு மண்டல மரபணுக்களின் நீண்ட பட்டியல் கிடைக்கும். அதைப் பார்த்து, புற்றுச் செல்லே அவற்றை இயக்குகிறது என்று நினைத்துவிடலாம். அவை அந்தப் பட்டையில் மொய்த்திருந்த லிம்போசைட்டுகளின் வேலை. லிம்போசைட்டுகள் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அவை ஏன் அங்கே இவ்வளவு கூடுகின்றன என்பது அருமையான கேள்வி. ஆனால் அது வேறு கேள்வி.

செமினோமா அல்லாத வகைகளுக்கு வந்தால் கலப்பு வேறு வடிவம் எடுக்கிறது. கருநிலைப் புற்று, கருவூண்பைக் கட்டி, கோரியோகார்சினோமா, டெரட்டோமா என்று நான்கு முகங்கள். ஒரே கட்டியில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது வழக்கமான காட்சி. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வேறு முகம். இங்கே புற்றையும் புற்றல்லாததையும் பிரித்தால் மட்டும் போதாது. புற்றிலிருந்து புற்றையே பிரிக்க வேண்டும்.

திசு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மார்பகத்திலோ கல்லீரலிலோ செய்வது போல விரைக்கட்டியில் வெளியிலிருந்து ஊசி குத்தித் திசு எடுப்பதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். விரையின் நிணநீர் வயிற்றின் பின்பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. விரைப்பைத் தோலின் நிணநீரோ இடுப்பு மடிப்பிலுள்ள கணுக்களுக்குப் போகிறது. தோல் வழியே ஊசி போனால் புற்றுக்குப் புதிய பாதை திறந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே இடுப்பு மடிப்பில் கீறி, விரையை முழுதாக வெளியே எடுப்பதே முறை. ஆய்வாளருக்குக் கிடைப்பது அப்படி எடுக்கப்பட்ட உறுப்பின் ஒரு பகுதி. அதுவும் நோய்க்குறியியல் மருத்துவர் தம் பரிசோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, நோயாளியின் ஒப்புதலோடு. இந்த வரிசை மாறக் கூடாது. எந்த வகைக் கட்டி, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் அந்த மனிதரின் சிகிச்சை முடிவாகிறது. ஆராய்ச்சிக்காக அதில் கை வைக்க யாருக்கும் உரிமையில்லை.

உறுப்பு வெளியே வந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ரத்த ஓட்டம் நின்ற திசுவில் ஆர்என்ஏ சிதையத் தொடங்கும். ஆர்என்ஏ வேண்டுமென்றால் சிறு துண்டை விரைந்து உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியிலோ திரவ நைட்ரஜனிலோ வைக்க வேண்டும். மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பது வேறு: ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதிப்பது. செல்லின் உருவம் அழகாக நிலைக்கும். பல ஆண்டுகள் அறை வெப்பத்திலேயே கிடக்கும். ஆனால் ஃபார்மலின் புரதங்களையும் டிஎன்ஏவையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும், இழைகளைத் துண்டாக்கும், டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தை வேறொன்றாக உருமாற்றும். வரிசைப்படுத்தும்போது அது சி இருக்க வேண்டிய இடத்தில் டி என்று வாசிக்கப்படும்; உண்மையான திடீர்மாற்றம் போலவே தோன்றும். விரைத் திசுவுக்கே உரிய இன்னொரு தொல்லை போயின் கரைசல். பிக்ரிக் அமிலம் கலந்த அந்த மஞ்சள் திரவம் விந்து நுண்குழல்களின் அமைப்பை மிகத் துல்லியமாகக் காப்பாற்றும் என்பதால் விரைத் திசுவுக்கு அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். டிஎன்ஏவுக்கு அது நஞ்சு. பழைய சேகரிப்பில் அழகான கண்ணாடிச் சில்லு கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன்னால் அது எந்தக் கரைசலில் பதப்படுத்தப்பட்டது என்று கேட்டுவிட வேண்டும்.

இனி, செல்லைப் பிரித்தெடுப்பது எப்படி? மிக எளிய வழி, சாயமேற்றிய சில்லைப் பார்த்துப் புற்று மிகுந்த பகுதியைப் பேனாவால் வட்டமிட்டு, அதே இடத்தை அடுத்த சில்லிலிருந்து சிறு கத்தியாலோ ஊசியாலோ சுரண்டி எடுப்பது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். புற்று அடர்ந்து இருக்கும் கருநிலைப் புற்றுப் பகுதிக்கு இதுவே பல நேரம் போதும். கை நுணுக்கம் எட்டாத இடத்தில்தான் லேசர் தேவைப்படுகிறது.

லேசரால் செல்களைப் பற்றியெடுக்கும் முறையை அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் உருவாக்கி 1996இல் வெளியிட்டார்கள். அதன் தந்திரம் எளிமையானது. சில்லின் மேல் வெப்பத்தில் இளகும் மெல்லிய படலம் ஒட்டிய ஒரு மூடியை வைப்பார்கள். வேண்டிய செல்லின் மேல் அகச்சிவப்பு லேசரை ஒரு கணம் பாய்ச்சினால் அந்த இடத்தில் படலம் இளகிச் செல்லோடு ஒட்டிக்கொள்ளும். மூடியைத் தூக்கினால் அந்தச் செல் மட்டும் அதோடு வந்துவிடும். பிறகு வந்த கருவிகளில் புறஊதா லேசர் கத்தியைப் போலச் செல்லைச் சுற்றி வெட்டும். வெட்டிய துண்டு கீழே உள்ள குழாய் மூடியில் தானாக விழும், அல்லது லேசர் துடிப்பால் மேலே எறியப்படும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. கருவியின் முன் அமர்ந்தால்தான் கஷ்டம் புரியும். உறைந்த திசுவைக் குளிர்நிலையிலேயே சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் எட்டு அல்லது பத்து மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, ஆல்கஹாலில் அமிழ்த்தி, ஆர்என்ஏவைத் தின்னும் நொதிகள் விழித்துக்கொள்ளாதபடி மிகக் குறைந்த நேரம் சாயத்தில் வைத்து, மீண்டும் ஆல்கஹாலின் படிகளில் ஏற்றி, முழுக்க உலர்த்த வேண்டும். ஈரம் சிறிது தங்கினாலும் செல் சில்லை விட்டு எழாது. அதைவிடப் பெரிய சங்கடம், இந்தச் சில்லின் மேல் மூடுகண்ணாடி போட முடியாது. மூடுகண்ணாடி இல்லாத திசு மங்கலாக, மணல் தூவியது போல் தெரியும். உட்கருமணி எங்கே, செல்லின் எல்லை எங்கே என்று கண் தடுமாறும். அதனால் பக்கத்துச் சீவலை முறையாகச் சாயமேற்றி, மூடுகண்ணாடி போட்டு வழிகாட்டிப் படமாக அருகில் வைத்துக்கொள்வார்கள். விரைத் திசுவைப் படித்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. லேசர் எதையும் வெட்டித் தரும். எதை வெட்ட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

செமினோமாவுக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை. அதன் செல்கள் ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைந்திருப்பதில்லை; கட்டி மென்மையானது, எளிதில் உதிரும். உறுப்பை வெட்டும்போது கத்தி விளிம்பில் ஒட்டிய செல்கள் அடுத்த வெட்டில் வேறிடத்தில் பூசப்பட்டுவிடும். ரத்தக்குழாய்க்குள் செமினோமாச் செல்கள் தளர்வாகக் கிடப்பதைப் பார்த்து, புற்று குழாய்க்குள் ஊடுருவிவிட்டது என்று தவறாக அறிக்கை எழுதிவிடாதபடி நோய்க்குறியியலில் இதைக் குறிப்பாகச் சொல்லித் தருவார்கள். அதே பூச்சு மூலக்கூறு ஆய்வையும் கெடுக்கும். இயல்பான விரைப் பகுதி என்று நினைத்து லேசரில் வெட்டிய துண்டின் மேல் நாலு செமினோமாச் செல்கள் ஒட்டியிருந்தால், ஆய்வுக்காக டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கிய பிறகு அவை பெரிய குரலில் பேசத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைப்பது, மெல்லிய சீவலுக்கு ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கத்தி அலகு மாற்றுவது என்பதெல்லாம் சலிப்பூட்டும் வேலைகள். ஆனால் ஆய்வின் நேர்மையே அவற்றில்தான் இருக்கிறது.

எத்தனை செல்கள் வேண்டும்? மனிதனின் இயல்பான செல் ஒன்றில் ஏறத்தாழ 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ இருக்கிறது. ஆயிரம் செல்கள் சேர்ந்தால் 6.6 நானோகிராம். ஆனால் எட்டு மைக்ரான் சீவலில் செமினோமாச் செல்லின் பெரிய உட்கரு முழுதாக அடங்காது. ஒரு பகுதி அடுத்த சீவலோடு போய்விடும். பிரிக்கும்போதும் கழுவும்போதும் இழப்பு உண்டு. ஆகவே ஆயிரங்களில் சேகரிப்பார்கள். அதற்கு அடுத்தடுத்த பல சீவல்கள் வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானதும், என்னைப் பொறுத்தவரை மிகச் சுவையானதும், கட்டி உருவாவதற்கு முந்தைய நிலையின் செல்களைப் பிரித்தெடுப்பதுதான். 1972இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்கக்கேபெக், விந்து நுண்குழலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் விபரீதச் செல்களை இனங்கண்டு, அவை பின்னாளில் புற்றாக மாறக்கூடியவை என்று எழுதினார். இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் வரும் விரைப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த முன்நிலைச் செல்களிலிருந்தே வருகின்றன. அவை நுண்குழலின் உட்சுவரை ஒட்டி, பெரும்பாலும் ஒரே வரிசையில், விந்தாக்கத்துக்குத் துணைநிற்கும் செர்டோலி செல்களுக்கு இடையே அமர்ந்திருக்கும். கட்டியைப் போலத் திரண்ட பரப்பு கிடையாது. ஒரு நுண்குழலை முழுதாக வெட்டி எடுத்தால் அதில் செர்டோலி செல்களும் நிறைய வந்துவிடும்.

இங்கே உதவிக்கு வருவது ஒரு பழைய நொதிச் சோதனை. முன்நிலைச் செல்களில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி நிறைய இருக்கும். பக்கத்துச் செர்டோலி செல்களிலும் இயல்பான விந்தாக்கச் செல்களிலும் அப்படி இருக்காது. உறைந்த சீவலின் மேல் அந்த நொதிக்கான வேதிப்பொருளை விட்டால் சில நிமிடங்களிலேயே முன்நிலைச் செல்கள் மட்டும் நிறமேறி எழுந்து நிற்கும். குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்புரதங்களைக் கொண்டு சாயமேற்றுவதற்கு ஆகும் நீண்ட நேரம் இதற்கு வேண்டாம். அதனால் ஆர்என்ஏவும் பெருமளவு தப்புகிறது. நிறமேறிய செல்களை மட்டும் லேசரால் ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம்.

அப்படிப் பொறுக்கிப் பார்த்ததில் கிடைத்த விடை ஒன்றைச் சொல்ல வேண்டும். விரைப் புற்றின் கையெழுத்து என்றே சொல்லத்தக்கது 12ஆம் குரோமோசோமின் குட்டைக் கை (அதன் இரு பகுதிகளில் குட்டையானது) கூடுதல் நகல்களாகப் பெருகியிருப்பது. பல கட்டிகளில் இரண்டு குட்டைக் கைகள் ஒன்றாக ஒட்டிய ஒரு விசித்திரக் குரோமோசோமாகவே அது காணப்படும். 1982இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் முன்நிலைச் செல்களில் இந்தப் பெருக்கம் உண்டா? தனியே பிரித்து ஆராய்ந்தபோது, பொதுவாக இல்லை என்று தெரிந்தது. நுண்குழலின் சுவரைத் தாண்டி வெளியே பரவும் கட்டத்தோடுதான் இந்தப் பெருக்கம் தொடர்புடையது. நுண்குழலையும் கட்டியையும் சேர்த்து அரைத்திருந்தால் இந்த வேறுபாடு ஒருபோதும் கண்ணில் பட்டிருக்காது.

டெரட்டோமாவிலும் இதே போன்ற கதை. குருத்தெலும்பு, குடல் சுவர், தோல் என்று முதிர்ந்த, சாதுவான திசுக்களைப் போலவே அது தோற்றமளிக்கும். நுண்ணோக்கியில் இயல்பான குருத்தெலும்பிலிருந்து பிரித்தறிவதே கடினம். ஆனால் அந்தத் திட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் 12ஆம் குரோமோசோமின் அதே பெருக்கம் அதிலும் இருக்கிறது. ஒரே கட்டிக்குள் முற்றிலும் வேறு வேறாகத் தெரியும் பகுதிகள் ஒரே மூதாதைச் செல்லின் வழிவந்தவை என்பதற்கு இத்தகைய சான்றுகள்தாம் வலுச் சேர்த்தன.

லேசர் மட்டுமே வழி என்று நினைத்துவிட வேண்டாம். புதிய திசுவை நொதிகளால் கரைத்து, செல்களைத் தனித்தனியாக மிதக்கவிட்டு, வெள்ளணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி45 புரதத்தைப் பற்றும் காந்த மணிகளால் அவற்றை நீக்கிவிடலாம். அல்லது செமினோமாச் செல்லின் கிட் புரதத்துக்கும் கருநிலைப் புற்றின் சிடி30 புரதத்துக்கும் ஒளிரும் எதிர்ப்புரதம் பூட்டி, கருவியில் ஓடவிட்டுப் பிரிக்கலாம். இதில் செல்கள் உயிரோடு கிடைக்கும், முழுதாகவும் கிடைக்கும். ஆனால் அவை கட்டியில் எந்த இடத்தில் இருந்தன என்ற தகவல் போய்விடும். தளர்ந்த செமினோமாச் செல்கள் இந்த அலசலில் நிறைய உடைந்தும் போகும், லிம்போசைட்டுகளோ தாக்குப்பிடிக்கும். விளைவாக எண்ணிக்கை ஒருபக்கமாகச் சாயும். உறைந்த திசுவிலிருந்து உட்கருக்களை மட்டும் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே வரிசைப்படுத்துவது இந்தச் சாய்வை ஓரளவு குறைக்கிறது.

கடைசியாக ஒப்பீடு. புற்றுச் செல்லைச் சுத்தமாகப் பிரித்துவிட்டோம். அதை எதனோடு ஒப்பிடுவது? மற்ற உறுப்புகளில் கட்டிக்குப் பக்கத்துத் திசுவை இயல்பானது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். விரையில் இது பெரும் பிழையாகிவிடும். கட்டிக்குப் பக்கத்து நுண்குழல்களில்தான் முன்நிலைச் செல்கள் ஒளிந்திருக்கின்றன. டிஎன்ஏவுக்கு நோயாளியின் ரத்தத்தை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆர்என்ஏவுக்கு அப்படித் தீர்வு கிடையாது. ஆரோக்கியமான விரையில் பெரும்பகுதி விந்தாக்கத்தின் பல படிகளில் இருக்கும் செல்கள். அவற்றோடு ஒப்பிட்டால் புற்றில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அணைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் விந்தாக்கம் அங்கே இல்லை என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை.

கோபன்ஹேகன் ஆய்வுக்குழு 2009இல் இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. முன்நிலைச் செல்களை லேசரால் பொறுக்கியதோடு நிற்காமல், கருவில் வளரும் விரையிலுள்ள ஆதி இனச்செல்களையும் அதே முறையில் பொறுக்கி, இரண்டின் ஆர்என்ஏவையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் மிக நெருங்கிப் பொருந்தின. முதிர வேண்டிய காலத்தில் முதிராமல் தங்கிவிட்ட கருநிலை இனச்செல்லே முன்நிலைச் செல் என்ற கருத்து, தோற்றத்தை வைத்து நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்தது. பொறுக்கியெடுத்த அந்தச் செல்களின் மரபணு இயக்கமும் இப்போது அதையே காட்டியது.